பழைய ஏர் கன்னுக்குப் பெல்லட் பொருந்தவில்லையா? கோளாறைப் பார்த்து வழி

பி.எஸ்.ஏ., வெப்லி, டயானா, மில்ப்ரோ, பேர் தெரியாத உள்ளூர்ப் பட்டறைத் தயாரிப்பு என்று கொங்குப் பக்கத் தோட்டத்து வீடுகளில் பழைய ஏர் கன் ஒன்றாவது பரண் மேல் கிடக்கும். எடுத்துத் துடைத்ததும் வருகிற முதல் புகார் "பெல்லட் செட் ஆகலைங்க" என்பதுதான். எல்லாமே 0.177 அங்குலத் துளை, அதாவது 4.5 மி.மீ. என்று சொல்லிக்கொண்டாலும் ஒரே டப்பாப் பெல்லட் (ஈயக் குண்டு) ஒரு துப்பாக்கியில் தானாக விழும், இன்னொன்றில் கட்டை விரலால் அமுக்கினாலும் போகாது. அப்போது பேரலைத் தேய்க்கப் போகாதீர்கள். தேய்த்த பேரல் திரும்பி வராது. பெல்லட்டைத்தான் பேரலுக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். அதற்கும் முன்னால், கோளாறு பெல்லட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

சட்டம், பாதுகாப்பு

2016 ஆயுத விதிகளின்படி துளை 0.177 அங்குலத்துக்கு மேலோ, ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ இருந்தால் உரிமம் வேண்டும். தாத்தா காலத்து பி.எஸ்.ஏ.யில் 0.22 துளை கொண்டவையும் உண்டு. பேரல் மேல் 2 என்ற எண் அடித்திருந்தால் அது 0.22, 1 என்றால் 0.177. 0.22 கையில் இருந்தால் பட்டறைக்குப் போகும் முன் உரிம விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. சோளக்காட்டில் எத்தனை இறங்கினாலும் அதன் பக்கம் துப்பாக்கியைத் திருப்பக் கூடாது. இங்கே சொல்வதெல்லாம் காகித இலக்குக்கு மட்டும்.

மடக்குப் பேரல் துப்பாக்கியில் பெல்லட் போடும்போது ஒரு கை பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். டிரிகர் கொக்கி நழுவினால் பேரல் விரலை எடுத்துக்கொண்டுதான் மூடும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவும் கூடாது. முன்னால் காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் நேராகச் சிலிண்டர் முகத்தில் போய் அடிக்கும். வாஷர், ஸ்பிரிங் இரண்டும் கெடும். இலக்குக்குப் பின்னால் எம்-சாண்ட் நிரப்பிய சாக்கு வையுங்கள். கல் சுவர், காய்ந்த கட்டை எல்லாம் பெல்லட்டைத் திருப்பி அனுப்பும்.

முதலில் அளவு

டப்பாவில் 4.50, 4.51, 4.52 என்று எழுதியிருப்பது பெல்லட் தலையின் விட்டம். கடையில் 4.48 முதல் 4.53 வரை கிடைக்கும். பின்பக்கப் பாவாடை இதைவிடப் பெரிது, பெரும்பாலும் 4.7 மி.மீ.க்குப் பக்கத்தில். இடுப்பு ஒடுங்கியிருக்கும். பேரலுக்குள் திருகாக வெட்டிய வரிகள்தான் ரைஃபிளிங், அதில் மேடும் பள்ளமும் உண்டு. தலை அந்த மேட்டைத் தொட்டு நேராகப் போக வேண்டும். பாவாடை காற்றில் விரிந்து பள்ளத்தை அடைக்க வேண்டும். இரண்டுக்கும் வேலை வேறு என்பதால் கோளாறும் வேறு வேறாக வரும்.

வெர்னியரால் ஈயத்தை அளக்காதீர்கள். தாடை அமுக்கிய இடத்தில் ஈயம் நசுங்கி, இல்லாத அளவைக் காட்டும். 0.01 மி.மீ. மைக்ரோமீட்டரில் ராட்செட்டை மட்டும் திருகி, தலையை 90 டிகிரி திருப்பி இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டுக்கும் 0.02-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பெல்லட் முட்டை வடிவம். ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது பேரல். பேரல் மடங்கும் இடத்தில் உள்ள பிவட் போல்ட்டைக் கழற்றிப் பேரலைத் தனியே எடுங்கள். உள்ளே ஃபெல்ட் துண்டை இழுத்துத் துடைத்துவிட்டு, தலை பெரிய பெல்லட் ஒன்றைப் பின்பக்கம் வழியாக வைத்து, 4 மி.மீ. பித்தளைக் கம்பியால் மெதுவாக வாய் வரைக்கும் தள்ளுங்கள். கை உணர்கிற இறுக்கம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் திடீரென்று தளர்ந்தால் அங்கே துரு தின்றிருக்கிறது. திடீரென்று பிடித்தால் ஈயம் படிந்திருக்கிறது. வெளியே வந்த பெல்லட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தலையைச் சுற்றி எல்லா மேட்டின் தடமும் லேசாக, ஒரே ஆழத்தில் விழுந்திருந்தால் அளவு சரி. தலையில் தடமே இல்லை, பாவாடையில் மட்டும் இருக்கிறது என்றால் தலை சிறிது. ஆழமாக வெட்டி ஓரத்தில் ஈயப் பிசிறு நின்றால் தலை பெரிது. 4.49, 4.51, 4.53 மூன்றிலும் இப்படி ஒவ்வொன்று தள்ளிப் பார்த்தால் உங்கள் பேரல் எதைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். எண்ணைத் துப்பாக்கிக் கட்டைக்குள் பென்சிலால் எழுதி வையுங்கள்.

கோளாறு: பெல்லட் தானாக உள்ளே விழுகிறது, சாய்த்தால் வெளியே வருகிறது

காரணம் மூன்று. பெல்லட் சிறிது, பேரலின் பின்வாய் தேய்ந்து அகன்றிருக்கிறது, அல்லது அந்தத் துப்பாக்கியில் சைக்கிள் பால்ஸ் போட்டுச் சுட்டிருக்கிறார்கள். மூன்றாவது நம்ம ஊரில் சாதாரணம். பெடலில் இருக்கும் 5/32 அங்குல பால்ஸ் 3.97 மி.மீ. தான், 4.5 துளையில் இடித்துக்கொண்டே போய் மேடுகளை மழுக்கிவிடும். எஃகுக் குண்டு எதுவும் ரைஃபிளிங் வெட்டிய பேரலுக்கு ஆகாது. சில பழைய ஜெர்மன் துப்பாக்கிகள் 4.4 மி.மீ. ஈய உருண்டைக்கென்றே செய்தவை. அதில் 4.5 பெல்லட் போட முயல வேண்டாம்.

முதலில் தலை 4.52 அல்லது 4.53 உள்ள டப்பா வாங்கிப் பாருங்கள். அதற்கும் தளர்வாக இருந்தால் பாவாடையை விரிக்க வேண்டும். சைக்கிள் கடையில் முன் சக்கரத்துக்கான 3/16 அங்குல பால்ஸ் கேளுங்கள். அது 4.76 மி.மீ. கண்ணாடித் தகட்டின் மேல் பெல்லட்டைத் தலைகீழாக நிறுத்தி, பாவாடை வாய்மேல் பால்ஸை வைத்து, தட்டையான மரக்கட்டையால் நேராக அமுக்குங்கள். சுத்தியல் வேண்டாம். பாவாடை சீராக விரியும். மைக்ரோமீட்டரில் பார்த்து 0.05 மி.மீ. கூடியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பாவாடை ஓரம் மெலிந்து, சுடும்போது கிழியும். கிழிந்த பாவாடை ஒரு பக்கமாகக் காற்றை விட்டு, பெல்லட்டை ஆட்டி அனுப்பும்.

இந்த வேலை தலையைப் பெரிதாக்காது. தலை சிறிதாக இருந்து பாவாடை மட்டும் இறுகினால் காற்று அடைபடும், வேகமும் வரும். ஆனால் தலை துளைக்குள் சாய்ந்தே போகும். இலக்கில் விழும் ஓட்டைகளின் கூட்டம் ஓரளவு சுருங்கி, அதற்குமேல் சுருங்காமல் நின்றால் காரணம் இதுதான்.

கோளாறு: பெல்லட் உள்ளே போகவில்லை, அல்லது மூடும்போது ஈய வளையம் சீவி வருகிறது

பாவாடை பேரல் முகத்துக்கு வெளியே தலைமயிர் அளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், மூடும்போது சிலிண்டர் முகம் சீவிவிடும். ஆகவே முதலில் பெல்லட்டை ஆழமாக உட்கார்த்திப் பாருங்கள். முனை உருண்ட பேனா மூடியால் முகத்துக்குள் 1 மி.மீ. போகும்படி தள்ளினாலே பல துப்பாக்கிகளில் தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் தலை 4.49 அல்லது 4.48 வாங்குங்கள். அதுவும் கிடைக்காதபோதுதான், அல்லது கையில் இரண்டு மூன்று டப்பா பெரிய அளவில் தங்கிவிட்டபோதுதான், சைசிங் டை, அதாவது பெல்லட்டைத் தள்ளி அளவைக் குறைக்கும் துளை அச்சு, செய்ய வேண்டும்.

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், சிட்கோ பக்கம் எந்த நல்ல லேத் பட்டறையிலும் இது சின்ன வேலை. சொல்ல வேண்டிய விவரம் இவ்வளவு: 20 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளமுள்ள இ.என்.8 எஃகு அல்லது பித்தளை உருளை. நடுவில் 4.3 டிரில், பிறகு 4.5 ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி). ஒரு பக்கத்திலிருந்து 10 மி.மீ. நீளத்துக்குச் சாய்வான நுழைவாய், அதன் வாய் 5.2 மி.மீ. அதைத் தாண்டி நேரான துளை 6 முதல் 8 மி.மீ. இருந்தால் போதும், மீதியை அடிப்பக்கம் 5 மி.மீ. டிரில் போட்டு அகலப்படுத்திவிடலாம். நேர்த் துளை நீண்டால் ஈயம் இழுபட்டுப் பெல்லட் நீளும்.

எச்7 என்ற அளவுத் தரத்து ரீமர் போட்ட 4.5 துளை 4.500 முதல் 4.512 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், அந்த வகைக்கு அனுமதி அவ்வளவு. "4.50 போட்டேன்" என்று பட்டறைக்காரர் சொல்வது பொய் இல்லை, ஆனால் நமக்கு அந்த 0.01 முக்கியம். 0.01 படியில் வரும் பின் கேஜை (அளவுக் கம்பியை) விட்டுப் பார்த்துத்தான் டையின் மேல் அளவைப் பொறிக்க வேண்டும். 4.49 டை வேண்டும் என்றால் சிறிய துளையில் தொடங்கி, பித்தளைக் குச்சியில் லேப்பிங் பேஸ்ட் (உரசித் தேய்க்கும் பசை) தடவி மெதுவாகத் திறக்க வேண்டும். கடைசியில் 1000, பிறகு 1500 எமரித் தாளைக் குச்சியில் சுற்றித் துளையைப் பளபளப்பாக்குங்கள். கீறல் உள்ள டை ஒவ்வொரு பெல்லட்டிலும் அதே கீறலைப் போடும்.

தள்ளும் கம்பியில்தான் சூட்சுமம். தட்டை முனைக் கம்பி பாவாடை ஓரத்தைப் பிடித்துத் தள்ளும், பாவாடை மடங்கும். கம்பியின் முனையைப் பாவாடைக் குழிக்குள் போய் உட்காரும்படி கடைந்து, தலையின் உள்பக்கத்தைத் தள்ளும்படி செய்ய வேண்டும். கம்பியின் மேல்பக்கம் ஒரு நிறுத்து வளையம் போட்டு, தலை மட்டும் நேர்த் துளைக்குள் போய் இடுப்பு வந்ததும் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அடியிலிருந்து மெல்லிய குச்சியால் மேலே தள்ளி எடுத்துவிடலாம். முழுசாக அந்தப் பக்கம் தள்ளினால் 4.7 பாவாடையும் 4.50 ஆகிவிடும், தலை பொருந்தும், காற்று நிற்காது. அப்படி ஆகிவிட்ட பெல்லட்டை வீசாமல் மேலே சொன்ன 3/16 பால்ஸால் பாவாடையைத் திரும்ப விரித்துக்கொள்ளலாம்.

டைக்குள் சிலிக்கான் எண்ணெய் விரல் நுனியில் தொட்டுத் தடவினால் போதும், இருபது முப்பது பெல்லட்டுக்கு ஒரு முறை. ஒரே மூச்சில் 0.03-க்கு மேல் குறைக்காதீர்கள். ஈயம் எங்கேயாவது போயாக வேண்டுமே, தலை முன்னால் பிதுங்கி முகம் கோணும். 4.53 பெல்லட்டை 4.48 ஆக்குவதை விட 4.48 டப்பா வாங்குவது மலிவு.

சைஸ் செய்த பெல்லட்டைக் கண்ணாடித் தகட்டைச் சாய்த்து உருட்டுங்கள். தலை சிறிது, பாவாடை பெரிது என்பதால் எல்லாமே வளைந்துதான் உருளும். ஆனால் ஒரே வளைவில் உருள வேண்டும். தத்தித் தத்திப் போவது, வளைவை விட்டு விலகுவது எல்லாம் கோணல். நகைக் கடைத் தராசில் நிறுத்து, 0.01 கிராம் வித்தியாசத்துக்கு ஒரு குவியலாகப் பிரித்தால் இன்னும் நல்லது.

கோளாறு: இலக்கில் ஓட்டை நீள்வட்டமாக விழுகிறது, கூட்டம் சிதறுகிறது

நீள்வட்ட ஓட்டை என்றால் பெல்லட் பக்கவாட்டில் சாய்ந்து வருகிறது. சைஸ் செய்த பெல்லட்டில் மட்டும் வந்தால் டை கோணல். டப்பாப் பெல்லட்டிலும் வந்தால் பேரல் வாயைப் பாருங்கள். வாய் ஓரத்தில் பஞ்சுக் குச்சியைச் சுழற்றினால் அடிபட்ட இடத்தில் நூல் மாட்டும். சரி செய்ய, உருண்டைத் தலைப் பித்தளை ஸ்குரூ ஒன்றைக் கை டிரில்லில் மாட்டி, தலையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, வாய்மேல் வைத்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே டிரில்லை எட்டு எழுதுவது போல ஆட்டுங்கள். முதலில் பேரலுக்குள் பஞ்சு அடைத்துவிடுங்கள், பேஸ்ட் உள்ளே போனால் மேடுகளைத் தின்றுவிடும். சுற்றிலும் ஒரே அகலத்தில் மெல்லிய பளபளப்பு வளையம் தெரிந்ததும் நிறுத்துங்கள்.

கூட்டம் சிதறுவது மட்டும் என்றால் ஸ்குரூவிலிருந்து தொடங்குங்கள். கட்டையின் முன் ஸ்குரூ இரண்டும், டிரிகர் கார்டு ஸ்குரூவும் ஒவ்வொரு நூறு சூட்டுக்கும் தளரும். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் முன்னாலும் இரண்டு தடவை உதைக்கும், அதனால் எந்த ஸ்குரூவும் நிற்காது. நீல நிற திரெட் லாக்கர் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். துப்பாக்கியை மூட்டை மேல் வைத்து அமுக்கிச் சுடாதீர்கள், உள்ளங்கையில் லேசாகத் தாங்கிச் சுட வேண்டும். சுட்டு முடியும் வரை அது தன் போக்கில் உதைக்கட்டும்.

கூட்டம் கிடைமட்டமாக மட்டும் அகல்கிறது, அதுவும் ஆனி ஆடியில் மட்டும் என்றால் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அரை கிராம் பெல்லட்டைச் சும்மா விடாது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வெட்டவெளியில் அளவு பார்ப்பது வீண். நீளமான மாட்டுச் சாளைக்குள், மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, பத்து மீட்டரில் பாருங்கள்.

கோளாறு: அளவு சரி, ஆனால் வேகம் இல்லை

டிஷ்யூ காகிதக் கீற்று ஒன்றைப் பேரலும் சிலிண்டரும் சேரும் இடத்தின் மேல் போட்டுவிட்டுச் சுடுங்கள். காகிதம் பறந்தால் அங்கே உள்ள ஓ-ரிங் அல்லது தோல் வளையம் போய்விட்டது. புது ஓ-ரிங் கிடைக்கும் வரை, பழையதற்கு அடியில் மெல்லிய காகித வளையம் வைத்து உயர்த்தினால் ஓடும். வளையம் முகத்துக்கு மேல் லேசாக நிற்க வேண்டும். அதிகம் நின்றால் பேரல் பூட்டாது.

காகிதம் அசையவில்லை என்றால் பிஸ்டன் வாஷர். பழைய துப்பாக்கிகளில் சைக்கிள் பம்பு மாதிரி தோல் கிண்ணம்தான், காய்ந்தால் சுருங்கும். சிலிண்டர் முகத்தில் உள்ள காற்றுத் துளை வழியாக எஸ்.ஏ.இ. 30 எஞ்சின் ஆயில் நாலைந்து சொட்டு விட்டு, துப்பாக்கியை வாய் மேலே பார்க்க ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழிக் காலையில் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும், நாளானால் பிசினாகும். தையல் மிஷின் எண்ணெய் மெலிசு, எரியும். வாஷர் செயற்கைப் பொருளாக இருந்தால் சிலிக்கான் எண்ணெய் மட்டும்.

தோல் கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஈரோட்டில் தோல் பதனிடும் தொழில் இருப்பதால் 3 மி.மீ. தடிமனில், மரப்பட்டையில் பதனிட்ட துண்டு தேடிப் பிடிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சிலிண்டர் விட்டத்துக்குக் கடைந்த அச்சில் அழுத்தி, நிழலில் காயவிட்டு, ஓரம் சீவி, எண்ணெயில் ஊறவைத்துப் போட வேண்டும். குரோம் பதனிட்ட செருப்புத் தோல் வடிவம் நிற்காது. ஸ்பிரிங்கைக் கழற்ற வெறும் கையை நம்பாதீர்கள், பல செ.மீ. அமுங்கித்தான் உள்ளே இருக்கும். தச்சர் வைத்திருக்கும் நீளக் கிளாம்பு, அல்லது லேத்தின் டெயில்ஸ்டாக், இரண்டில் ஒன்றில் பிடித்து மெதுவாக விடுங்கள்.

கோளாறு: வெடிச் சத்தம், புகை, கருகின வாசனை

எண்ணெய் அதிகம். அமுங்கிய காற்றின் சூட்டில் அது பற்றிக்கொள்கிறது. எண்ணெய் விட்ட பிறகு முதல் இரண்டு மூன்று சூட்டில் லேசாகப் புகைந்தால் பரவாயில்லை. தொடர்ந்து வந்தால் கழற்றித் துடைக்க வேண்டும். இந்த நிலையில் வேகம் அளந்து, "20 ஜூலைத் தாண்டிவிட்டது" என்று பயப்படவோ பெருமைப்படவோ வேண்டாம். கணக்கு சுலபம்: எடையைக் கிலோகிராமில் எடுத்து, அதில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். அரை கிராம் பெல்லட் நொடிக்கு 200 மீட்டரில் போனால் 10 ஜூல். 20 ஜூலுக்கு நொடிக்கு 283 மீட்டர் வேண்டும்.

கோளாறு: குழாய்த் திருகு வழியாகப் பெல்லட் போடும் பழைய பி.எஸ்.ஏ., வெப்லியில் மட்டும் சிக்கல்

இவற்றில் பேரல் மடங்காது. அடியில் உள்ள நெம்புகோலை இழுத்து, மேலே திருகை (தண்ணீர்க் குழாய்த் திருகு மாதிரித் துளையுள்ள, திருப்பக்கூடிய கூம்பு) திறந்து, பெல்லட்டைத் தலை முன்னால் இருக்கும்படி உள்ளே விட வேண்டும். பெல்லட் தன் எடையிலேயே திருகுத் துளைக்குள் இறங்க வேண்டும். விரித்த பாவாடை இங்கே ஆகாது. பாதியில் நின்றுவிடும், திருகை மூடும்போது பாவாடை வெட்டுப்படும். தலை மிகச் சிறிதாக இருந்தால் திருகைத் தாண்டிப் பேரல் பக்கம் பாதி, திருகுக்குள் பாதி என்று மாட்டிக்கொள்ளும். அப்போது திருகைப் பலமாகத் திருப்பாமல், பேரல் வாய் வழியாகப் பித்தளைக் கம்பியை விட்டுப் பின்னால் தள்ளி எடுங்கள். காற்றழுத்தத்தில்தான் பாவாடை விரிந்து அடைக்க வேண்டும் என்பதால் ஈயம் மெத்தென்றும், பாவாடை மெல்லியதாகவும் உள்ள பெல்லட் இவற்றுக்கு நன்றாக வேலை செய்யும். திருகைச் சுற்றிக் காற்று கசிந்தால் கெட்டி கிரீஸை மெல்லிசாகப் பூசிப் பார்க்கலாம். கூம்பு தேய்ந்திருந்தால் கிரீஸ் கொஞ்ச நாள்தான் தாங்கும். அதை நுண்ணிய லேப்பிங் பேஸ்டில் அதன் கூட்டோடு சேர்த்து உரசி உட்கார்த்த வேண்டும். ஆனால் உரச உரசத் திருகு உள்ளே இறங்கி, அதன் துளையும் பேரல் துளையும் நேர்கோட்டை விட்டு விலகும். ஒவ்வொரு சில சுற்றுக்கும் நிறுத்தி, பேஸ்டைத் துடைத்து, 4 மி.மீ. கம்பி தடையில்லாமல் குறுக்கே போகிறதா என்று பார்த்துக்கொண்டே உரசுங்கள். கம்பி முட்டத் தொடங்கினால் அத்தோடு விட்டுவிட வேண்டியதுதான்.